கடையில் வாங்கிய எலுமிச்சை

கோபி டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதன் குரு சிவஞானம்மாள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் குழந்தைவேலுவுக்கோ மீசை முழுக்க நரைத்துவிட்டது. மனைவி இறந்த துக்கத்தில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர்.

யார் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கும் என்பது குழந்தைவேலுவின் நம்பிக்கை. கதவைச் சாத்துங்கள் என்றால்கூட உட்கார்ந்து ஐம்புலன்களைப் பற்றி யோசிப்பார். கதவு திறந்தே கிடக்கும்.

ஒரு நாள் காலையில் அவருடைய மகள் மேகலை போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாதான் வந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாள். குழந்தைவேலு போனை வைத்துவிட்டு நேராகக் குருவிடம் போனார். விஷயத்தைச் சொன்னார்.

"துறந்து வந்தவன் திரும்பிப் போலாமுங்களா, அம்மா?"

"கல்யாணம் என்னைக்குங்க?"

"கார்த்திகையில, மொத முகூர்த்தமுங்க."

குரு தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். தான் கேட்டது மோட்சத்தைப் பற்றியா, முகூர்த்தத்தைப் பற்றியா என்று குழந்தைவேலுவுக்கே குழம்பிவிட்டது.

மத்தியானம் குரு திரும்பி வந்தார். இரண்டு பை நிறைய எலுமிச்சம்பழம். டவுனில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது.

"கழுவி வையுங்கண்ணா. ஊறுகாய் போடோணும்."

"நம்ம தோட்டத்துலயே மரம் காய்ச்சுக் கெடக்குதுங்களே?"

"பத்தாதுங்க."

குழந்தைவேலு குழாயடியில் உட்கார்ந்தார். பத்தாது. எது பத்தாது? தான் இத்தனை காலம் இருந்த தவமா? பழங்களை அலசினார். ஒவ்வொன்றும் கண்ணாடிக் கோலி போல மின்னியது. தண்ணீர் அவற்றின் மேல் நிற்காமல் உருண்டு ஓடியது. அவர் எழுந்து ஓடினார்.

"புரிஞ்சு போச்சுங்கம்மா. தாமரை எலைத் தண்ணியாட்ட ஒட்டாம இருக்கோணும். கல்யாணத்துக்குப் போகக் கூடாதுங்கறீங்க."

குரு ஒரு பழத்தை வாங்கி நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"இது மெழுகுங்கண்ணா. வாடாம இருக்கறதுக்கும் பளபளப்புக்கும் பூசறாங்க. இது இருந்தா உப்பு உள்ள எறங்காது. வெந்நீர்ல போட்டு, கல் உப்பு வெச்சுத் தேய்ங்க. கை பொறுக்கற சூடு போதும்."

ஒட்டாமல் இருப்பது நல்லதென்றால் உப்பு எதற்கு இறங்க வேண்டும்? குழந்தைவேலுவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் வெந்நீர் வைத்தார். ஒவ்வொரு பழமாக எடுத்துத் தேய்த்தார். மினுமினுப்பு போகப் போக, அதுவரை தெரியாத புள்ளிகளும் முள் கீறிய தழும்புகளும் வெளியே வந்தன. பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"நல்லா இருந்த பழத்தைக் கெடுத்துப் போட்டனுங்களே."

"இப்பத்தான் பழமாட்ட இருக்குதுங்க. ஈரமில்லாமத் தொடைங்க. துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை புடிச்சுரும்."

"ஈரம்னா பாசமுங்களா, அம்மா?"

"ஈரம்னா தண்ணிங்கண்ணா."

குழந்தைவேலு முறத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததை முறத்தில் பரப்பினார். ஏதாவது ஒரு அர்த்தம் தட்டுப்படும் என்று நெடுநேரம் பார்த்தார். கையில் எலுமிச்சை வாசனைதான் இருந்தது. மேகலை சின்னவளாக இருந்தபோது, சாப்பாட்டுக்கு முன்னால் ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். அது நினைவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்கம்மா" என்றார். "தாயில்லாப் புள்ளைய உட்டுப்போட்டு வந்தவன் நான். பயமா இருக்குதுங்க."

"அதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் குரு.

குழந்தைவேலுவின் கையில் இருந்த பழத்தில் கண்ணீர் விழுந்திருந்தது. குரு அதை வாங்கித் தன் முந்தானையால் துடைத்து முறத்தில் வைத்தார். பிறகு உள்ளே போய், பரணில் கிடந்த பெரிய பீங்கான் ஜாடியை இறக்கிக்கொண்டு வந்தார். மடத்தில் இருப்பது ஏழெட்டுப் பேர். அந்த ஜாடியை யாரும் எடுத்துக் குழந்தைவேலு பார்த்ததில்லை.

"மடத்துக்கு இவ்வளவு ஊறுகாய் எதுக்குங்கம்மா?"

"மடத்துக்குன்னு யாரு சொன்னா? மேகலை கல்யாணப் பந்திக்குங்க. இப்பப் போட்டாத்தான் கார்த்திகைக்குள்ள ஊறும்."

குழந்தைவேலு ஜாடியைப் பார்த்தார். முறத்தைப் பார்த்தார். காலையில் தான் கேட்ட கேள்விக்குப் பதில் பையில் வந்து இறங்கியதும், அதைத்தான் இவ்வளவு நேரமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்ததும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஜாடி கனமுங்க" என்றார் குரு. "என்னால தூக்கிட்டுப் பஸ் ஏற முடியாது."

குழந்தைவேலு ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, பழத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"இத்தனை வருசம் கழிச்சு, மண்டப வாசல்ல எம்பட புள்ளை எதுக்க வந்து நின்னா, நான் என்னன்னுங்கம்மா சொல்றது?"

"ஊறுகாய் கொண்டாந்திருக்கறேன்னு சொல்லுங்க."