மலை மேல சொல்லக் கூடாத வார்த்தை

மலைங்களுக்கு யாரும் பேரு வைக்காத காலத்துல, அடிவாரத்துல உப்புச் சுமக்குறவங்க இருந்தாங்க. கொட்டாவி விடுறவரு கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா, எனக்கும் தொத்திக்கும்.

உப்பு மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு மூணு மலை தாண்டுவாங்க. அந்தப் பக்கம் உப்பக் குடுத்து மிளகு வாங்கிட்டு வருவாங்க. அவங்களுக்கு ஒரு வழக்கம். மலை மேல ‘வலிக்குது’ன்னு சொல்லவே கூடாது. சொன்னா மலை கேட்டுக்கும், அந்த ஆள எடுத்துக்கும். அதனால உசுரு போனாலும் ‘நல்லாருக்கேன்’தான்.

ஒரு ஐப்பசியில சுருளியும் அவன் தங்கச்சி புருசன் மொக்கையனும் கெளம்புனாங்க. மொக்கையன் மூக்கால பேசுறவன். இந்தா, மூக்கப் புடிச்சுக்கிட்டே சொல்றேன்.

மொத மலையில சுருளி வழுக்கி விழுந்தான். கணுக்கால் பூசணிப் பிஞ்சாட்டம் வீங்கிருச்சு. திரும்பிப் பாத்தா ஊரு தெரியுது. எலும்பு கட்டுறவன் வீட்டுப் புகை கூடத் தெரியுது.

“என்ன மச்சான், சப்பரம் மாதிரி ஆடி ஆடி வர்ற?”

“தாளம் போட்டு நடக்கேன் மாப்ள. நல்லாருக்கேன்.”

ரெண்டாவது மலையில மழை புடிச்சிருச்சு. வழியில ஒரு குகை.

“இங்கன கொஞ்சம் இருந்துட்டுப் போவமா மச்சான்?”

சுருளிக்கும் அதே ஆசைதான். ஆனா தன் நொண்டல கண்டுபிடிச்சுட்டான்னு நெனச்சு, “குகைக்குள்ள உனக்கு விருந்தா வச்சிருக்கு? நல்லாருக்கேன், நட”ன்னுட்டான். மொக்கையன் மூட்டைய இடது பக்கமா சாச்சுக்கிட்டு நடந்தான்.

மூணாவது மலையில, உச்சிக்குக் கீழ, சுருளி கால் மடங்கி உக்காந்துட்டான்.

“எந்திரி மச்சான்.”

“நல்லா...” அதுக்கு மேல வாய் வரல. “வலிக்குது மாப்ள. மொத மலையிலருந்தே வலிக்குது.”

மொக்கையன் மூட்டைய நழுவ விட்டான். வலது கை தொங்கிட்டு இருந்துச்சு. “ரெண்டாவது மலையில, நீ பின்னால வந்துட்டு இருந்தப்ப, வழுக்கி விழுந்து எனக்குத் தோளு எறங்கிருச்சு. குகையில அதுக்குத்தான் கேட்டேன்.”

“சொல்லிருக்கலாம்ல?”

“நீதான் நல்லாருக்கேன்னியே.”

ரெண்டு பேரும் மலையப் பாத்தாங்க. மலை ஒண்ணும் பண்ணல. மழை மட்டும் பேஞ்சுது. உப்பு கரைஞ்சு பாறையில வழிஞ்சுது. ஒருத்தனால நடக்க முடியாது, ஒருத்தனால தூக்க முடியாது.

மொக்கையன் வெறும் சாக்க மச்சான் மேல போத்திட்டு, ஆளு கூப்பிட எறங்குனான். ஒத்தக் கையால பாறையப் புடிச்சுப் புடிச்சு எறங்குறதுன்னா சும்மாவா. ஆளுங்களோட திரும்பி வந்தப்ப, சாக்குக்குள்ள சுருளி வெறச்சுப் போயிருந்தான்.

மொக்கையன் நடந்ததச் சொன்னான். ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? “வாய் விட்டுச் சொன்னான்ல, அதான் மலை எடுத்துக்கிச்சு.”

மொக்கையன் பொண்டாட்டி, செத்தவனோட தங்கச்சி, புருசன் மொகத்தப் பாத்தா. “நெசமா?”

“இல்ல புள்ள. நாங்க சொல்லாததாலதான் எடுத்துக்கிச்சு.”

அதனாலதான் சொல்றேன்: வலிச்சா, பக்கத்துல ஆளு இருக்கும்போதே, திரும்பிப் போக வழி இருக்கும்போதே சொல்லிரணும்.