மலையப்பனின் முழங்கால்

நீலமங்கலத்து அரண்மனை மல்லன் மலையப்பனைப் பயிற்சியில் அசைக்க ஆள் கிடையாது. நாலு பேரைச் சேர்த்து விட்டாலும் நாலு பேரும் மண்ணைக் கவ்வுவார்கள். ஆனால் போட்டிக்கு நாள் குறித்துவிட்டால் போதும், ஐயாவுக்கு உடம்பில் எங்கேயாவது ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்குத் தோதாக அந்த ஊரில் ஒரு வழக்கமும் இருந்தது. கோதாவில் இறங்குமுன் மல்லன் தன் உடம்பிலுள்ள குறையைச் சபையில் சொல்லலாம். தமுக்கடிப்பவன் அதை ஊருக்கு அறிவிப்பான். சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. மலையப்பன் ஒரு வருடம் முழங்கால் என்றான். மறு வருடம் தோள்பட்டை. போன வருடம் மோர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஜெயித்தால், அந்த வலியோடு ஜெயித்தானே என்று இரட்டை மாலை. தோற்றால், பாவம், வலி இல்லாவிட்டால் ஜெயித்திருப்பான் என்று அனுதாபம். எப்படியும் அவனுக்கு நஷ்டமில்லை.

நஷ்டமெல்லாம் ஊருக்குத்தான். பக்கத்து நாடான செங்காட்டூருக்கும் நீலமங்கலத்துக்கும் ஏரி பொது. வருடா வருடம் மல்யுத்தத்தில் எந்த நாடு ஜெயிக்கிறதோ அதுதான் முதலில் மதகைத் திறக்கும். மூன்று வருடமாகச் செங்காட்டூர் காத்தமுத்து ஜெயித்ததில் கடைமடை வயலெல்லாம் கருகிவிட்டது. இந்த வருடமும் தோற்றால் விதைநெல்கூட மிஞ்சாது.

ராஜா முத்துவிசயர் தன் மந்திரி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். ஏகாம்பரம் ஊதினால் பறந்துவிடுகிற உடம்புக்காரர்.

"எட்டு நாளில் மலையப்பன் எந்த வலியும் இல்லாமல் கோதாவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காத்தமுத்துவோடு நீர்தான் மோத வேண்டும்" என்றார் ராஜா.

"உத்தரவு மகாராஜா" என்றார் ஏகாம்பரம்.

மறுநாள் காலையில் தெருத்தெருவாகத் தமுக்கு முழங்கியது. மலையப்பனுக்கு முழங்கால் போய்விட்டதாம். வரும் போட்டியில் தோற்கப்போகிறானாம். மகாராஜா இப்போதே மன்னித்துவிட்டாராம். யாரும் அவனைக் குறை சொல்லக் கூடாதாம்.

மலையப்பனுக்கு முதல் நாள் குளுகுளுவென்று இருந்தது. வாயைத் திறக்காமலேயே வேலை முடிந்துவிட்டதே.

இரண்டாம் நாள் வாசலில் தைலக் கிண்ணங்கள் வரிசை கட்டின. மூன்றாம் நாள் மாமியார் ஊன்றுகோலோடு வந்து இறங்கினாள். பயிற்சிக்குப் போனால் கூட்டாளிகள் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தார்கள். பெண்டாட்டி தண்ணீர்க்குடத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரசம்சாதம் கரைத்துக் கொடுத்தாள். போட்டியன்று அரண்மனையிலிருந்து பல்லக்கு வந்தது. மனிதனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

இவ்வளவுக்கும் மேலே, கோதா ஓரத்தில் காத்தமுத்து வந்து தோளைத் தட்டினான்.

"அண்ணே, பயப்படாதீங்க. நான் மெதுவாத்தான் தள்ளுவேன்."

அவ்வளவுதான், மலையப்பனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்.

"என் காலுக்கு ஒரு கேடும் இல்லை. தலையிலிருந்து பாதம்வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சபை அதிரக் கத்தினான்.

இதற்குத்தானே ஏகாம்பரம் காத்திருந்தார். கண்ணைக் காட்டியதும் தமுக்கு முழங்கியது. மல்லனுக்கு ஒரு குறையுமில்லை என்று அவன் வாயாலேயே சொன்னது ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்டது.

மலையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒளிந்துகொள்ள ஒரு சுளுக்குகூட மிச்சமில்லை. வேறு வழியில்லாமல், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, முழு ஆளாக மல்லுக்கு நின்றான். மூன்றாவது பிடியில் காத்தமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அன்றைக்கே நீலமங்கலத்து மதகு திறந்தது. ராஜா பூரித்துப்போய்த் தன் சால்வையையே எடுத்து ஏகாம்பரத்துக்குப் போர்த்தினார். குனிந்து வாங்கிக்கொள்ளும்போது மந்திரியின் வேட்டி கொஞ்சம் விலகியது. உள்ளே முழங்காலைச் சுற்றிப் பெரிய கட்டு, பச்சிலை வாசனையோடு.

"என்ன ஓய் இது? காலையில் குதித்துக்கொண்டுதானே வந்தீர்?"

"ஒரு முன்ஜாக்கிரதைதான் மகாராஜா. இவன் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் நானல்லவா கோதாவில் இறங்க வேண்டும்?"

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுசரி, வலி எந்தக் காலில்?" என்றார்.

"இவன் ஜெயித்துவிட்டதால் எந்தக் காலிலும் இல்லை மகாராஜா. இல்லாவிட்டால் இரண்டிலும்."