செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

வேதக்கோயில் புளியமரத்தை வெட்டிவிட்டுத் தன் காரை நிறுத்தச் சபைச் செயலர் ஞானாபரணத்துக்கு ஆசை. கமிட்டி கூடவே இல்லை. அலுவலகப் பயிற்சிக்கு வந்த ஜெபக்கனியைக் கூப்பிட்டார்.

“செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடிச் சம்மதிச்சதா மினிட்ஸ் எழுது. இல்லேன்னா சான்றிதழ் கிடையாது.”

“எழுதிருதேன், ஐயா.”

அவள் எழுதி நீட்டியதில் செயலர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். மினிட்ஸ் வாசித்தால் கமிட்டி கண்ணயர்வதும், முடிந்ததும் கை தூக்குவதும் அங்கே வழக்கம்.

ஞாயிறு மதியம் கமிட்டி மரத்தடியில் கூடியபோது புளிய இலை உதிர்ந்துகொண்டிருந்தது. ஜெபக்கனி தாலாட்டுப்போல வாசித்தாள்: “செவ்வாய்க்கிழமை அன்று கோயில் வளாகத்தில் இருந்தவர்கள்: உபதேசியார் வேதக்கண், அன்னாள் அம்மாள், பெரியவர் மாசிலாமணி. மரத்தை வெட்ட யாரும் மறுப்புச் சொல்லவில்லை.”

போதகர் விழித்துக்கொண்டார். “எம்மா, எல்லாரும் கல்லறையில இருக்கவங்கல்லா?”

“ஆமா ஐயா. அன்னைக்கு வேற யாரும் வரல. மாசிலாமணி தாத்தா மட்டும் உசுரோட இருந்தா சம்மதிச்சிருக்க மாட்டாங்க.”

“ஏன்?”

“மரம் அவங்க நட்டது. செயலர் ஐயாவுக்கு அப்பால்லா!”

ஜெபக்கனிக்குச் சான்றிதழைப் போதகர், வெட்டாமல் விட்ட அந்த மரத்தடியிலேயே கொடுத்தார்.