மயில் பொறித்த கல்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டை இரக்கமுள்ள அரசர் ஒருவர் ஆண்டுவந்தார். தெருவில் உறங்கும் எளியோருக்குச் சத்திரம் கட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே ஒவ்வொரு பிறந்தநாளிலும் அடிக்கல் நாட்டும் கால்கோள் விழா எடுத்து, தம் புகழ் பொறித்த பெருங்கல் ஒன்றைத் தம் கையாலேயே நட்டார். சத்திரத்துக்கென்று பொக்கிஷம் தந்த பொன்னெல்லாம் பந்தலிலும் மேளத்திலும் விருந்திலும் கரைந்துபோகும். மறு ஆண்டு மீண்டும் ஒரு கல் நடப்படும்.

அவ்வாண்டு விருந்தில் விகடகவி அம்பலத்தாடி, பாயசம் மிக நன்று என்றும், சத்திரத்தை இப்படிக் குடித்துத் தீர்க்காமல் இருந்திருந்தால் இன்னும் நன்று என்றும் பணிவோடு சொல்லிவிட்டார். அவர்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் மாதவராயர் உடனே எழுந்தார்.

"மன்னர் பெருமானே, குறை சொல்பவரே செய்து காட்டட்டும். சத்திரத்துக்குச் செலவிட்டதில் மிஞ்சியதைக் கொண்டு, மழைக்கு முன் ஒரே ஒரு வீடு எழுப்பட்டும். இயலாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

மிஞ்சியது எதுவுமில்லை என்பது அமைச்சருக்குத் தெரியும். அரசர் இசைந்தார். மிஞ்சியது எதுவாயினும் எடுத்துக்கொள்ளலாமா என்று அம்பலத்தாடி கேட்டதற்கும் தலையசைத்தார்.

மேகம் திரண்ட ஒரு காலையில் மாதவராயர் ஓடிவந்து, அரசர் நட்ட கற்களையெல்லாம் விகடகவி பெயர்த்துவிட்டதாக முறையிட்டார். சினந்து விழாத்திடலுக்குச் சென்ற அரசர் அங்கே ஒரு சிறு வீட்டைக் கண்டார். சுவர்கள் அவர் நட்ட கற்களால் ஆனவை. கூரைக்கு விழாப் பந்தலின் கீற்று வேயப்பட்டிருந்தது.

"என் பெயர் பொறித்த கற்களைத் தொட உமக்கு என்ன துணிவு?"

"செலவில் மிஞ்சியவை இவை மட்டுமே, அரசே. எழுத்துகளை உட்புறமாக வைத்திருக்கிறேன். தங்கள் புகழ் மழையில் நனையலாகாதல்லவா?"

அரசர் தம்மை மீறிச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்கு அணிவித்தார். பிறகுதான் வெளியே நின்ற பெண்ணைக் கவனித்தார். பேச்சி என்று பெயர். கைக்குழந்தையோடு சந்தைச் சுவரோரம் உறங்கிவந்தவள். வீடு அவளுக்குத்தான். ஆயினும் அவள் வாசற்படியாகக் கிடந்த கல்லைத் தாண்டாமல் நின்றாள். அரசர் காரணம் கேட்டார்.

"மயில் போட்ட இந்தக் கல்ல போன வருசம் நட்டீங்க, சாமி. எங்க வீட்டுக்காரரு தொட்டுக் கும்பிட்டாரு. அடுத்த மழைக்கு நாம கூரைக்குக் கீழ இருப்போம்னாரு. அந்த வருச மழையிலயே காய்ச்சல் கண்டு போயிட்டாரு. அவரு தொட்ட கல்லு. மிதிக்க மனசு வரல."

அரசர் முகத்தில் சிரிப்பு அடங்கிற்று. இனிக் கல் நடும் விழா வேண்டாம், சத்திரம் கட்டக் கொத்தர்களை அனுப்புங்கள் என்றார். பழக்கத்தினால் மாதவராயர், அந்த ஆணையைக் கல்லில் பொறிக்கலாமா என்று கேட்டுவிட்டார்.

அரசர் மறுபடியும் சிரித்தார், கண்கள் நனைந்திருந்தன. குனிந்து, படிக்கல்லின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை மாதவராயரும் அம்பலத்தாடியும் பிடிக்க வேண்டியதாயிற்று. மூவரும் அதைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

மழை தொடங்கிற்று. பேச்சி அந்த மயிலை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனாள்.