ஓடைக்குள் நின்ற மூன்றாவது வரிசை

ஒரு காட்டில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டி கிடையாது. வரிசைதான் உண்டு. போட்டியிடுகிறவர் ஓர் இடத்தில் நிற்பார். அவரை விரும்புகிறவர்கள் அவருக்குப் பின்னால் போய் நிற்பார்கள். மரங்கொத்தி பட்டமரத்தில் தட்டும்வரை யாரும் வரிசை மாறலாம். தட்டிய பிறகு அசையக் கூடாது. நீண்ட வரிசை யாருடையதோ, அவரே தலைவர்.

அங்கே எப்போதும் இரண்டே வரிசைகள். மருத மரத்தடியில் காட்டெருமை நிற்கும். இலுப்பை மரத்தடியில் கரடி நிற்கும். ஒரு முறை இவர் வெல்வார், மறுமுறை அவர் வெல்வார்.

காட்டெருமை தலைவராக இருந்தபோது, ஓடையின் மேல்பகுதியில் பெரிய பெரிய மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டது. தண்ணீர் தேங்கிக் குட்டையானது. காட்டெருமை அதில் சுகமாகப் புரண்டது.

அடுத்து கரடி தலைவரானது. "இந்த அநியாயத்தை முதல் வேலையாக அகற்றுவேன், தேன்மேல் சத்தியம்!" என்று மார்தட்டித்தான் வந்தது. வந்து பார்த்தால், தேங்கிய தண்ணீரில் மீன்கள் கையால் அள்ளும்படி கிடந்தன. அத்தோடு கரடி அந்தப் பேச்சையே விட்டுவிட்டது.

ஓடையின் கீழ்வளைவில் ஒரு மடு இருந்தது. அதில் சுழலி என்ற நீர்நாய் தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. தண்ணீர் வரத்து நின்றதால் மடு நாளுக்கு நாள் சுருங்கியது. முன்பு பாய்ந்து பாய்ந்து விளையாடிய குட்டிகள் இப்போது அக்கரைக்கு நடந்தே போயின. மீன்களும் குறைந்துவிட்டன. கோடை முற்றினால் மடு வற்றிவிடும். குட்டிகளை எங்கே கொண்டுபோவது என்று சுழலிக்குத் தெரியவில்லை.

அது முதலில், கட்டைகளைப் போட்ட காட்டெருமையிடம் போய் முறையிட்டது.

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றது காட்டெருமை, கண்ணைக்கூடத் திறக்காமல்.

பிறகு இப்போதைய தலைவரான கரடியிடம் போனது.

"அதை ஆராயச் சொல்லிக் குரங்குகளை அனுப்பியிருக்கிறேனே!" என்றது கரடி.

சுழலி மேலே போய்ப் பார்த்தது. குரங்குகள் கட்டைகளின்மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பி வரும் வழியில் சுழலி ஒரு முடிவுக்கு வந்தது. "இந்தத் தேர்தலில் நானே நிற்கிறேன்" என்று எல்லோருக்கும் சொன்னது.

காடே சிரித்தது. "எந்த மரத்தடியில் நிற்கப் போகிறாய், அக்கா? காளானுக்கு அடியிலா?" என்று கேலி செய்தது ஒரு குரங்கு.

காட்டெருமைக்கு எப்போதும் ஓட்டுப் போடும் புள்ளிமான் தனியாக வந்து பேசியது. "சுழலி, நீ சொல்வது நியாயம்தான். ஆனால் நீ நின்றால் எங்கள் ஓட்டுப் பிரியும். கரடி வந்துவிடும்."

"காட்டெருமை வந்தால் கட்டைகள் போய்விடுமா, அக்கா?"

மான் காதைச் சொறிந்துகொண்டது. "அது வேறு விஷயம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது.

தேர்தல் நாள் வந்தது. சுழலிக்கென்று மரம் எதுவும் இல்லை. அதனால் காய்ந்து கிடந்த ஓடைக்குள்ளேயே, வெயிலில் போய் நின்றது. அதன் பின்னால் தவளைகளும் நண்டுகளும் ஒரு நாரையும் நின்றன. சுழலியும் நாரையும் அன்றைக்கு மட்டும் யாரையும் தின்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தன. அந்தத் தைரியத்தில்தான் தவளைகள் வந்திருந்தன. ஆனாலும் கொஞ்சம் தள்ளியே நின்றன.

மரங்கொத்தி மேலே பறந்து வரிசைகளைப் பார்த்தது. மருத மரத்தடியைப் பார்த்தது. இலுப்பை மரத்தடியைப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது.

"இரண்டும் சரிசமம்!" என்று கத்தியது. "சூரியன் பட்டமரத்தின் உச்சிக்கு வந்ததும் தட்டிவிடுவேன். மாறுகிறவர்கள் மாறிக்கொள்ளுங்கள்!"

யாரும் மாறவில்லை. எல்லோருடைய பார்வையும் மெல்ல ஓடைப் பக்கம் திரும்பியது. சிரித்துக்கொண்டிருந்த குரங்குகள் வாயை மூடிக்கொண்டன.

காட்டெருமை அசைந்து அசைந்து வந்தது. சுழலியின் காதோரம் குனிந்தது. "என்னம்மா சுழலி, இப்படி வெயிலில் நிற்கிறாயே! உன் குட்டிகளை என் குட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ஆழமான மூலையை உனக்கே தருகிறேன். உன் ஆட்களை மட்டும் என் பக்கம் அனுப்பு, போதும்."

ஆழமான மூலை! இன்று மாலையே குட்டிகள் தண்ணீரில் இருக்கும். சுழலி திரும்பிப் பார்த்தது. வெயிலில் தோல் உலர்ந்துபோய்த் தவளைகள் சுழலியையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்படியானால் இவர்களுக்கு?" என்று கேட்டது சுழலி.

"அதைப் பிறகு பார்க்கலாம்" என்றது காட்டெருமை.

சுழலி தலையை ஆட்டி மறுத்துவிட்டது.

அதற்குள் கரடி மூச்சிரைக்க ஓடிவந்தது. "அவன் பேச்சை நம்பாதே! நான் வென்றால் மறுநாளே கட்டைகளை அகற்றுகிறேன். தேன்மேல் சத்தியம்!"

"போன தடவையும் தேன்மேல்தான் சத்தியம் செய்தீர்கள், மாமா" என்றது சுழலி.

பிறகு அது எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னது: "வென்ற பிறகு எதுவும் வேண்டாம். இப்போதே அகற்றுங்கள். மரங்கொத்தி தட்டுவதற்குள் தண்ணீர் இங்கே வந்துவிட்டால் நான் விலகிக்கொள்கிறேன். அதிகம் பாடுபட்டது யார் என்று பார்த்து, அவர் பின்னால் இவர்கள் போய் நிற்கட்டும். வராவிட்டால் எங்கள் வரிசை இங்கேயே நிற்கும்."

"நின்று தோற்கத்தான் போகிறாய்!" என்றது குரங்கு.

"தெரியும், தம்பி. ஆனால் இந்த இருவரில் ஒருவரும் என்னோடு சேர்ந்து தோற்பார். அது யாரென்றுதான் தெரியவில்லை."

காட்டெருமை கரடியைப் பார்த்தது. கரடி காட்டெருமையைப் பார்த்தது. அடுத்த நொடி இரண்டும் ஓடையின் மேல்பகுதியை நோக்கித் தலைதெறிக்க ஓடின.

கீழே நின்றவர்களுக்கும் தெரியும்படி காட்டெருமை கொம்பால் முட்டித் தள்ளியது. கரடி கட்டைகளைக் கட்டிப்பிடித்துப் புரட்டியது.

"அது நான் போட்ட கட்டை! நான்தான் எடுப்பேன். தொடாதே!"

"அடேங்கப்பா! போட்டது யாரென்றே தெரியாது என்று நேற்றுவரை சொன்னாயே!"

கீழே சூரியன் உச்சியை நெருங்கியது. மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டது. ஒரு தவளை முனகியது. "அக்கா, சுடுகிறது. ஏதாவது ஒரு நிழலுக்குப் போய்விடலாமா?"

"இன்னும் கொஞ்சம் பொறு" என்றது சுழலி. அதற்கும் கால் சுட்டது. ஒருவேளை இரண்டு பேரும் சண்டையிலேயே பொழுதைக் கழித்துவிட்டால்? குட்டிகளுக்குக் கிடைத்த ஆழமான மூலையையும் விட்டுவிட்டேனே என்று அதன் மனம் தவித்தது.

அப்போது மேலே 'மடமட'வென்று கட்டைகள் சரிந்தன. ஓடையின் திருப்பத்தில் சருகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு மெல்லிய நீர்க்கோடு ஒன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது. நுரையும் சேறுமாகப் பாய்ந்து வந்தது. உடைந்த கட்டைகள் எல்லாம் அதில் உருண்டு புரண்டு, காட்டைத் தாண்டிப் போய்விட்டன. இனி அவற்றை இழுத்துவந்து அடுக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

"நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். விலகிவிட்டேன்!" என்று சுழலி கூவியது. "போய் வரிசையில் நில்லுங்கள். குளியல் அப்புறம்!"

காட்டெருமையும் கரடியும் தங்கள் மரத்தடிக்கு ஓடிவந்தன. தவளைகளுக்குக் கரடியின் உழைப்பு பிடித்திருந்தது. அவை இலுப்பை மரத்தடிக்குத் தாவின. பெருங்கட்டையைப் பெயர்த்தது காட்டெருமைதான் என்று நண்டுகள் சாதித்தன. அவை மருத மரத்தடிக்குப் பக்கவாட்டில் ஓடின. நாரையும் அவற்றோடு போனது. நண்டுக் கூட்டம்தான் பெரியது.

டொக்! டொக்! டொக்!

"காட்டெருமை தலைவர்!" என்று அறிவித்தது மரங்கொத்தி.

உடம்பெல்லாம் சேறாக நின்ற கரடி குரங்குகளைக் கூப்பிட்டது. "அடுத்த முறை தண்ணீரைப் பற்றி முதலில் பேசுவது நாமாகத்தான் இருக்க வேண்டும். புரிந்ததா?"

பக்கத்தில் நின்ற காட்டெருமைக்கும் அது நன்றாகக் காதில் விழுந்தது.

மரங்கொத்தி ஓடைப் பக்கம் பறந்து வந்தது. "சுழலி! உன் பின்னால் ஒருவர்கூட இல்லை. ஒரு ஓட்டும் வாங்காமல் தோற்றது இந்தக் காட்டிலேயே நீ ஒருத்திதான். என்ன சொல்கிறாய்?"

மடு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு தலை எழும்பியது.

"தோற்றுவிட்டேன், மாமா!" என்று சந்தோஷமாகக் கத்திவிட்டு, சுழலி மறுபடியும் தண்ணீருக்குள் மூழ்கியது.

நீதி: வெல்ல முடியாதவரும் உறுதியாக நின்றால், வெல்லப் போகிறவரை வேலை செய்ய வைக்கலாம்.