மச்சானைச் சாய்ச்சது யாரு?

குத்து பலமா இருந்தா தடுக்கிறவன் தோத்துடுவானான்னா கேக்குற? இடது கையை நேரா நீட்டி விடுற ஜாப் குத்து இடி மாதிரி இருந்தாப் போதும், எதிராளி எவ்வளவு நெளிஞ்சாலும் தப்ப முடியாதுங்கிற. குருவிமலையிலயும் இப்படித்தான் நம்புனாங்க.

குருவிமலைங்கிறது ஒரு ராஜ்யம். பெருசா நினைச்சுக்காத. காலையில குதிரை ஏறினா எல்லையைச் சுத்திட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடலாம். அந்த ராஜாவுக்கு ஒரு மச்சான். ராணியோட கூடப்பொறந்த அண்ணன், பேரு ரணசிங்கம். தங்கச்சியைப் பார்த்துட்டுப் போறேன்னு வந்தவர். ஒன்பது வருஷமா பார்த்துக்கிட்டே இருந்தார்.

அவருக்குக் குத்துச்சண்டைன்னா உசிரு. இடது கையை நீட்டி ஒரே குத்து, எதிர்ல நிக்கிறவன் மரம் மாதிரி சாய்வான். இதுவரைக்கும் எழுபது பேர். ஏன் சாய மாட்டான்? அரண்மனை வழக்கம் அப்படி. ராஜ குடும்பத்துக் கை நீளும்போது நகர்ந்தா மரியாதைக் குறைவு. நின்னு வாங்கிக்கணும், வாங்கிட்டுச் சாயணும். சாய்ஞ்சவனுக்கு ஒரு மூட்டை நெல்லு. மழை பொய்ச்ச வருஷம் மச்சான்கூட மோத ஊரே வரிசையில நின்னுச்சுன்னா பாத்துக்கோயேன்.

ஒருநாள் ராஜா சபையில கேட்டார். "எங்க மச்சான் குத்தை ஜெயிக்க ஆள் உண்டாய்யா?"

"இல்லவே இல்லை மகாராஜா!" சபை மொத்தமும் ஒரே குரல்.

சடையப்பு மட்டும் கனைச்சான். ராஜாவுக்குப் பக்கத்துல இருந்து புத்தி சொல்ற ஆளு அவன். வாய் சும்மா இருக்காது.

"குத்து பலம்தான் மகாராஜா. ஆனா பட்டாத்தானே பலம்? ஆத்துல பரிசல் ஓட்டுற முத்திருளன்னு ஒருத்தன் இருக்கான். அவன் மேல இதுவரை ஒரு அடி விழுந்ததில்ல."

படையை நடத்துற தளவாய் வல்லபராயன் இதுக்காகவே காத்துக்கிட்டிருந்தார். சடையப்பு மேல அவருக்கு ரொம்ப நாள் பாசம்.

"மோத விடலாம் மகாராஜா. அந்தப் பரிசல்காரன் தாராளமா நகரட்டும். ஆனா அடியே படாதவன் விழுந்தா அது நடிப்புதானே? தலை போகணும். அப்புறம், ரணசிங்கத்தை எவன் சாய்க்கிறானோ அவன் அன்னைக்கே நாட்டை விட்டுப் போகணும், திரும்பி வரவே கூடாது. முத்திருளனுக்கு என்ன தண்டனையோ, சிபாரிசு பண்ண சடையப்புக்கும் அதே தண்டனை."

ஓலையைத் தளவாயே எழுதினார். ராஜா முத்திரை போட்டார்.

முத்திருளன் சடையப்புகிட்ட ஓடி வந்தான். "அய்யா, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்? நான் விழுந்தா தலை போகுது. அவரு விழுந்தா ஊரு போகுது. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களை வெச்சிருக்கேன்!"

"எனக்கும் அதே கதிதான்டா. நீ அவரை அடிப்பியா?"

"எனக்கு அடிக்கவே தெரியாதுங்க. குடிச்சுட்டுப் பரிசல்ல ஏறுறவன் கையை ஓங்குவான். திருப்பி அடிச்சா பரிசல் கவுந்துடும். விலகத்தான் தெரியும்."

"அது போதும். மறக்காம துண்டு எடுத்துட்டு வா."

மறுநாள் காலையில ஊரே மைதானத்துல கூடிடுச்சு. சடையப்பு அந்தத் துண்டால முத்திருளன் கையைப் பின்னால கட்டினான்.

"தளவாய் அவர்களே, முடிச்சை நீங்களே இறுக்கிடுங்க. எனக்குப் பத்தாது."

தளவாய்க்கு ஒரே சந்தோஷம். பல்லைக் கடிச்சு இறுக்கினார்.

சண்டை ஆரம்பிச்சுது. மச்சான் இடது கையை நீட்டினார். முத்திருளன் தலையை நாலு விரக்கடை நகர்த்தினான். குத்து காதோரமாப் போயிடுச்சு.

மச்சானுக்கு ஒண்ணும் புரியல. "டேய், ஏண்டா நகர்ற?"

"உத்தரவுங்க சாமி."

இன்னொரு குத்து. அதுவும் காத்துல. பாவம் மச்சான், படாத குத்தைத் திரும்ப இழுக்கணும்னு அவருக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? ஒன்பது வருஷமா நீட்டின இடத்துல ஒரு மூஞ்சி இருந்துச்சு. இருபது குத்து விட்டார். மூச்சு வாங்குது, வேர்வை கொட்டுது.

"நில்லுடா!"

"நின்னுக்கிட்டுத்தான் சாமி இருக்கேன். தலைதான் நகருது."

மச்சான் பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு மொத்த உடம்பையும் குத்துல போட்டுப் பாய்ஞ்சார். முத்திருளன் அங்க இல்ல. குத்து மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. தொப்புனு குப்புற விழுந்தார். வாய் நிறைய மண்ணு. பழக்கதோஷத்துல சபையில ஒருத்தர் "சபாஷ்!"னுட்டார்.

தளவாய் குதிச்சார். "சாய்ச்சுட்டான்! ரெண்டு பேரையும் நாடு கடத்துங்க!"

"யாரு சாய்ச்சா தளவாயே?" சடையப்பு கேட்டான்.

"முத்திருளன்தான்!"

"எதால? கையைக் கட்டினது நீங்கதானே?"

"கால்ல தட்டி விட்டிருப்பான்!"

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சு. ஊரே பார்த்துச்சு."

"அப்ப யாருதான்யா சாய்ச்சது?"ன்னு ராஜா கேட்டார்.

"எழுபது பேரைச் சாய்ச்ச அதே குத்துதான் மகாராஜா. எழுபத்தோராவது ஆளையும் அதுதான் சாய்ச்சிருக்கு. உங்க மச்சானைச் சாய்க்க உங்க மச்சானை விட்டா இந்த நாட்டுல வேற எவனுக்குத் தகுதி இருக்கு?" சடையப்பு ஓலையைப் பிரிச்சான். "ரணசிங்கத்தை எவன் சாய்க்கிறானோ அவன் அன்னைக்கே நாட்டை விட்டுப் போகணும். எழுத்து தளவாயோடது. முத்திரை உங்களோடது."

ராஜா ஓலையைப் பார்த்தார். மண்ணுல கிடக்கிற மச்சானைப் பார்த்தார். முதல்ல மீசை துடிச்சுது, அப்புறம் தொப்பை குலுங்குச்சு. சிரிச்சார் பாரு, கிரீடம் நழுவிடுச்சு.

"உத்தரவுன்னா உத்தரவுதான்யா! மச்சானுக்குப் பல்லக்கு கொண்டாங்க! தாமதம்னா மாட்டு வண்டியாவது பூட்டுங்க! தளவாயே, நீர் எழுதின ஓலை. எல்லை வரைக்கும் நீரே கூடப் போய், அவர் தாண்டிட்டாரான்னு நல்லாப் பார்த்துட்டு வாரும்!"

முத்திருளனுக்குப் புதுப் பரிசல் கிடைச்சுது. சடையப்புக்கு ராஜா கழுத்து முத்துமாலையைக் கழட்டிப் போட்டார். அவ்வளவு மனசார அவர் யாருக்கும் எதுவும் குடுத்ததே இல்ல.

என்னது, ராணிகிட்ட ராஜா எப்படித் தப்பிச்சாரா? சரியான கேள்வி. ராணி நேரா ராஜா முன்னால வந்து நின்னாங்க. ராஜா வாயைத் திறந்து...

"என்னங்க! உங்களத்தான்! எவ்வளவு நேரம் கூப்பிடுறது?"

இரு, எங்க வீட்டு ராணி கூப்பிடுறாங்க. இதோ வந்துட்டேம்மா!