சுல்தான்கள் மறந்த தண்ணி

ஒரு ஊர்ல, கடலெல்லாம் தாண்டி ரொம்ப தூரத்துல, ஒரு செவப்பு மலை இருந்துச்சு. அது மேல தாத்தா சுல்தான் பெரிய மதில் கட்டினாரு. அப்புறம் அவரு மகன் வந்து, சுத்தி கோபுரமா கட்டினாரு. அப்புறம் பேரன் சுல்தான் உள்ள பளபளன்னு ஒரு மாளிகை கட்டினாரு. நூறு தூணு, நடு முத்தத்துல பளிங்குத் தொட்டி! எல்லாம் முடிச்சு, தொழுகைக்கு முன்னாடி கை கால் மொகம் கழுவி ஒளு செய்யலாம்னு கைய நீட்டினா... கை கழுவத் தண்ணி இல்ல! மூணு தலைமுறையும் மறந்துட்டாங்க. ஆறு எங்கயோ கீழ பள்ளத்துல ஓடுது. ம் சொல்லு.

ம்.

அப்போ வஸீர், அதான் மந்திரி, "கழுதைய விடு"ன்னாரு. கழுதைங்க தோல்பையில தண்ணி சுமந்துச்சுங்க. தளக்கு புளக்கு, தளக்கு புளக்கு. மேல வர்றதுக்குள்ள பாதி சிந்திப்போச்சு, மீதிய கழுதைங்களே குடிச்சிருச்சுங்க.

அப்புறம் ஆத்துல பெரிய சக்கரம் போட்டாங்க. கிரீச்ச்... கிரீச்ச்... தண்ணி ஒரு பனமர ஒசரம் ஏறுச்சு. கோட்டையோ பத்து பனமர ஒசரம்!

அப்புறம் வஸீரும் சுல்தானும் கோட்டைக்குப் பின்னாடி மலைச்சரிவுல ஏறிப் பாத்தாங்க. அங்க ருகையான்னு ஒருத்தி கத்திரிக்காத் தோட்டம் போட்டிருந்தா. புருசன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க. அந்தத் தோட்டந்தான் அவங்களுக்குச் சோறு.

"இந்தாம்மா, காலி பண்ணு. இங்க குளம் வெட்டி மழத்தண்ணி பிடிக்கப் போறோம்"னாரு வஸீர்.

ருகையா வாய் சும்மா இருக்குமா?

"ஐயா, இங்க மழை வருசத்துல நாலே நாளு. மிச்ச நாளு நீங்க அழுது நிரப்புவீங்களா?"

வஸீர் மீசை துடிச்சுது. சுல்தானுக்குக் களுக்குனு சிரிப்பு வந்துருச்சு.

"அப்ப நீயே கொண்டா தாயி. கொண்டாந்துட்டா தோட்டம் உனக்கு. இல்லன்னா குளந்தான்."

"கீழருந்து தண்ணியத் தூக்க முடியாதுங்க. மேலருந்து கூட்டிட்டு வரலாம். ஆறு பொறக்குற மலை நம்ம கோட்டைய விட ஒசரம்."

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் அந்த மலையிலருந்து வாய்க்கா வெட்டினாங்க. வஸீர் கண்ணாலயே அளந்து, நேரா வெட்டச் சொன்னாரு. தண்ணி ஓடி வந்துச்சு, நின்னுச்சு, வந்த வழியே திரும்பிப் போயிருச்சு! எல்லாரும் ருகையாவையே மொறச்சாங்க. அவ வீட்டுக்கு ஓடிப் போயி, ரொட்டிக்கு மாவு பிசையிற பெரிய தாம்பாளத்த எடுத்து வந்தா. தரையில வச்சு, தளும்பத் தளும்பத் தண்ணி ஊத்தினா. எந்தப் பக்கம் வழியுதோ அந்தப் பக்கம் வெட்டு! பத்தடிக்கு ஒருதரம் வச்சு வச்சுப் பாத்து, மலையோட இடுப்பச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு வந்தா. ஊத்தி ஊத்தியே பொண்ணுங்க ரெண்டும் தொப்பலா நனைஞ்சு போச்சுங்க.

மூணு மாசம் ஆச்சு. ஒரு வெள்ளிக்கிழம காலையில, சலசலசல... பளிங்குத் தொட்டியில குபுக்! சுல்தான் ஒளு செஞ்சாரு, மொகமெல்லாம் சிரிப்பு.

வஸீருக்கு மட்டும் சந்தேகம். வாய்க்கா ஓரமாவே நடந்து போனாரு. பாத்தா, அது ருகையா தோட்டத்துக்குள்ள ஏழு சுத்து சுத்திட்டு, அப்புறந்தான் அரமனைக்குப் போகுது!

"என்னம்மா இது?"

"நா என்னங்கய்யா பண்றது? தண்ணிதான் கத்திரிக்காயப் பாத்துட்டுப் போகணும்னுச்சு."

சுல்தான் விழுந்து விழுந்து சிரிச்சாரு. சொன்ன சொல்லு சொல்லுதான், தோட்டம் அவளுக்கே ஆச்சு.

அப்புறம் எத்தனையோ சுல்தான் வந்தாங்க, போனாங்க. எவ்வளவு பெரிய ராசாவா இருந்தாலும், அந்த மாளிகையில மொகம் கழுவினது கத்திரிக்காச்செடி குடிச்ச மிச்சத் தண்ணியிலதான்.

தண்ணி தொட்டிக்கு வந்துருச்சு, கதை தலகாணிக்கு வந்துருச்சு. கண்ண மூடு, செல்லம்.